67 ஆசியா: தொலைவிலுள்ள ஓர் ஒளிப்புள்ளியை அளந்த விதம்

நாகர்கோவிலில் இளநிலை இயற்பியல் படிக்கும் நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். சென்னையிலிருந்து கண்டறியப்பட்ட 67 ஆசியா என்னும் சிறுகோளுக்குச் சுற்றுக்காலம், விட்டம், தற்சுழற்சிக் காலம் என்று எண்கள் வரிசையாகக் கிடைக்கின்றனவே, எந்த விண்கலமும் அருகில் சென்று பார்க்காத ஒன்றை எப்படி அளந்தார்கள்? அது பூமியின் மேல் மோத வாய்ப்பு உண்டா? நம் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து அதைக் காணவும், பயனுள்ள முறையில் அளக்கவும் முடியுமா?

இரண்டாவது கேள்விக்கான விடை சிறியது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மோத வாய்ப்பில்லை. ஆசியா தன் பாதையில் சூரியனை மிக நெருங்கும் இடத்திலும் 1.97 வானியல் அலகு தொலைவில் இருக்கிறது. ஒரு வானியல் அலகு என்பது சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட சராசரித் தொலைவு, 14.96 கோடி கி.மீ. பூமியோ சூரியனிடமிருந்து 1.02 வானியல் அலகுக்கு மேல் விலகுவதேயில்லை. ஆகவே இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு எந்தக் காலத்திலும் 14 கோடி கி.மீ.க்குக் குறையாது. செவ்வாய்கூடத் தன் மிகத் தொலைவான நிலையில் 1.67 வானியல் அலகு வரைதான் போகிறது. ஆசியா அந்தப் பாதையையும் தொடுவதில்லை. யூடியூப்பில் சிறுகோள் என்ற சொல்லைக் கண்டவுடனே அழிவு என்ற சொல்லையும் சேர்த்துத் தலைப்பிடுபவர்கள் பெருகிவிட்டார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள முதன்மைச் சிறுகோள் பட்டையில் இருக்கும் பெரும்பாலான உடல்கள் நமக்கு எந்த அச்சுறுத்தலும் தராதவை என்பதைப் படித்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி, அது கண்டறியப்பட்ட கதை. 1861 ஏப்ரல் 17 அன்று நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்திலிருந்து நார்மன் ராபர்ட் போக்சன் அதைக் கண்டார். அவர் அரசு வானியலாளராகப் பொறுப்பேற்றுச் சென்னைக்கு வந்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றியபோதே ஐசிஸ், அரியாட்னி, ஹெஸ்டியா என்னும் மூன்று சிறுகோள்களைக் கண்டறிந்தவர் அவர். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். கிரேக்கப் புராணத்திலும் அப்பெயரில் ஒரு தெய்வம் உண்டு. பெயருக்கு முன்னால் நிற்கும் 67 என்பது கண்டுபிடிப்பு வரிசையில் தரப்பட்ட எண். பின்னர் சென்னையிலிருந்தே சாஃபோ (1864), சில்வியா (1866), கமில்லா (1868), வேரா (1885) ஆகியவற்றையும் அவர் கண்டறிந்தார். சில்வியாவுக்கும் கமில்லாவுக்கும் இரண்டிரண்டு துணைக்கோள்கள் உண்டு என்பது நம் காலத்தில்தான் தெரியவந்தது. வேராவுக்குப் பிறகு இந்திய மண்ணிலிருந்து அடுத்த சிறுகோள் கண்டறியப்பட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1988-இல் காவலூரில் ஆர். ராஜமோகன் கண்ட 4130 ராமானுஜன் அது.

போக்சன் காலத்தில் ஒளிப்படத் தட்டுகளை வைத்துச் சிறுகோள் தேடும் முறை இல்லை. வானத்தின் ஒரு சிறு பகுதியிலுள்ள விண்மீன்களை எல்லாம் கையால் வரைபடமாக்கி, பிறகு அதே பகுதியைத் தொலைநோக்கியில் பார்த்து, வரைபடத்தில் இல்லாத புள்ளி ஏதேனும் இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தால், அது நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒளிப்படத்தின் வழியே முதல் சிறுகோளை மாக்ஸ் வுல்ஃப் ஜெர்மனியில் கண்டது 1891 டிசம்பரில்; போக்சன் சென்னையில் காலமானது அதே ஆண்டின் ஜூனில். அவர் கண்ட எட்டுச் சிறுகோள்களும் கண்ணும் கையும் பொறுமையும் மட்டுமே கொண்டு கண்டவை. இந்தப் பொறுமைக்கு நம் பாடநூல்களில் ஒரு பத்தியாவது இடம் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது உங்கள் முதன்மைக் கேள்விக்கு வருவோம். அட்டவணையில் அருகருகே நிற்கும் எண்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். சில எண்கள் நேரடி அளவீட்டிலிருந்து வருபவை. சில, அவற்றின் மேல் ஏறி நின்று கணக்கிட்டவை. இன்னும் சில, ஒத்த வேறு உடல்களைப் பார்த்து ஊகித்தவை. ஆசியாவைப் பொறுத்தவரை சுற்றுப்பாதை மிக உறுதியாகத் தெரிந்தது, தற்சுழற்சிக் காலமும் அப்படியே. விட்டம் அவற்றைவிட ஒரு படி கீழே நிற்கிறது. நிறையும் ஈர்ப்பும் அதற்கும் கீழே.

சுற்றுப்பாதையிலிருந்து தொடங்கலாம். தொலைநோக்கியில் ஒரு முறை பார்த்தால் கிடைப்பது திசை மட்டுமே, தொலைவு கிடைக்காது. ஆனால் அந்தப் புள்ளி சூரியனைக் குவியமாகக் கொண்ட நீள்வட்டத்தில்தான் செல்கிறது என்று தெரிந்திருப்பதால், வெவ்வேறு நாள்களில் எடுத்த மூன்று திசைகள் இருந்தாலே நீள்வட்டத்தைக் கணக்கிட்டுவிடலாம். 1801 ஜனவரி 1 அன்று இத்தாலிய வானியலாளர் பியாட்சி கண்ட முதல் சிறுகோளான சீரிஸ் சில வாரங்களில் சூரிய ஒளியில் மறைந்துபோனபோது, 24 வயது ஜெர்மானியக் கணிதவியலாளர் காஸ் இந்த வழியில்தான் அதன் பாதையைக் கணக்கிட்டுக் கொடுத்தார். அந்த ஆண்டின் இறுதியில் அது மீண்டும் அகப்பட்டது. மூன்று திசைகளில் தொடங்கும் பாதை தோராயமானது. ஒவ்வொரு புதிய அளவீடும் அதைச் செம்மைப்படுத்தும். ஆசியா கண்டறியப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை சூரியனை 43 முறைக்கு மேல் சுற்றிவிட்டது. அத்தனை சுற்றுகளிலும் பதிவான நிலைகள் இருப்பதால், அடுத்த பல ஆண்டுகளில் அது எந்த இரவில் எந்த விண்மீனுக்கு அருகில் நிற்கும் என்பதை மிக நுட்பமாகச் சொல்லிவிட முடிகிறது.

அந்தப் பாதையின் அரைநெட்டச்சு, அதாவது நீள்வட்டத்தின் நீண்ட அச்சில் பாதி, 2.421 வானியல் அலகு. வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் மையத்தொலைத் தகவு சுமார் 0.185; பூமியின் சுற்றுப்பாதைத் தளத்துக்கு அது 6 பாகை சாய்ந்திருக்கிறது. கெப்ளரின் மூன்றாம் விதியை நீங்களே இங்கே சரிபார்க்கலாம். 2.421-இன் கனம் 14.19, அதன் வர்க்கமூலம் 3.77. ஆசியா சூரியனை ஒருமுறை சுற்ற எடுத்துக்கொள்ளும் ஆண்டுகள் அவ்வளவே. அரைநெட்டச்சை 0.815-ஆல் பெருக்கினால் சூரியனை மிக நெருங்கும் அண்மைநிலைத் தொலைவு 1.97, 1.185-ஆல் பெருக்கினால் மிக விலகும் சேய்மைநிலைத் தொலைவு 2.87. அண்மைநிலையில் நொடிக்கு 23 கி.மீ. வேகத்திலும், சேய்மைநிலையில் நொடிக்கு 16 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான வேகத்திலும் அது செல்கிறது. இவ்வளவும் இரண்டே எண்களிலிருந்து பிறப்பவை. தாளும் பேனாவும் எடுத்து ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தால் அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இல்லாமல் போகும்.

3.77 என்னும் எண்ணில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. செவ்வாய் சூரியனை ஒருமுறை சுற்ற 1.88 ஆண்டு எடுக்கிறது. இருமுறை சுற்ற 3.76 ஆண்டு. ஆசியா ஒருமுறை சுற்றும் காலமும் ஏறத்தாழ அதுவே. வேறுபாடு ஓரிரு நாள்கள்தாம். செவ்வாயோடு ஒன்றுக்கு இரண்டு என்னும் ஒத்திசைவு அமையும் இடம் 2.418 வானியல் அலகு. ஆசியா அதன் விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. செவ்வாயின் நிறை பூமியின் நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்பதால் அதன் இழுப்பு மெலிது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய அதே இடத்தில் அதே திசையில் நிகழும் மெல்லிய இழுப்பு பெருங்காலத்தில் சேர்ந்துகொண்டே போகும். சிறுகோள் பட்டையின் உட்பகுதியில் பல உடல்களின் பாதைகள் மிக மெதுவாக மாறுவதற்கு இத்தகைய சிறு ஒத்திசைவுகளும் ஒரு காரணம். வியாழனின் ஒத்திசைவுகளோ வலியவை. வியாழன் ஒருமுறை சுற்றுவதற்குள் மூன்று முறை சுற்றிவிடும் தொலைவாகிய 2.50 வானியல் அலகில் சிறுகோள்களே அரிது. டேனியல் கிர்க்வுட் 1866-இல் எடுத்துக்காட்டிய வெற்றிடங்களில் இது முதன்மையானது. ஆசியா அந்த வெற்றிடத்துக்கு உட்புறமாக, 0.08 வானியல் அலகு தள்ளிப் பாதுகாப்பாக இருக்கிறது.

பூமியும் தன் பாதையில் ஓடுவதால், சூரியன், பூமி, ஆசியா மூன்றும் ஒரே கோட்டில் அமைந்து ஆசியா நள்ளிரவில் உச்சிக்கு வரும் எதிர்நிலை சுமார் 497 நாள்களுக்கு ஒருமுறை நேர்கிறது. ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டும் ஒரு மாதமும். எல்லா எதிர்நிலைகளும் ஒரே தரமல்ல. அண்மைநிலையை ஒட்டி எதிர்நிலை அமைந்தால் ஆசியா நம்மிடமிருந்து ஒரு வானியல் அலகுக்கும் சற்றுக் குறைந்த தொலைவில் இருக்கும். அதிலிருந்து ஒளி நம்மை வந்தடைய 8 நிமிடம் போதும். சேய்மைநிலையை ஒட்டி அமைந்தால் தொலைவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். முதல் நிலையில் அதன் பொலிவெண் 10-க்குச் சற்றுக் கீழ். இரண்டாம் நிலையில் 12-ஐ நெருங்கும். பொலிவெண் கூடக் கூட ஒளி குறைகிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஐந்து பொலிவெண் வேறுபாடு சரியாக நூறு மடங்கு என்று 1856-இல் வரையறை சொன்னவரும் இதே போக்சன்தான். தாம் கண்ட சிறுகோளின் ஒளியை இன்றும் நாம் அவருடைய அளவுகோலால்தான் அளக்கிறோம். இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லை 6 என்று கொண்டால், பொலிவெண் 10 அதைவிட 40 மடங்கு மங்கல். ஆகவே வெறுங்கண்ணால் காண முடியாது. நல்ல நிலையில் 4 அங்குலத் தொலைநோக்கி போதும். மங்கிய நிலையில் 8 அங்குலம் இருந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம்.

இங்கேதான் நம் மாவட்டத்தின் இருப்பிடம் கைகொடுக்கிறது. கன்னியாகுமரி வட அகலாங்கு 8 பாகையில் உள்ளது. கோள்களும் பெரும்பாலான சிறுகோள்களும் உலவும் வான்பட்டை நமக்கு ஏறத்தாழ தலைக்கு மேலேயே செல்கிறது. ஆசியா எந்த எதிர்நிலையிலும் உச்சியைக் கடக்கும்போது 45 பாகை உயரத்துக்குக் கீழே நமக்கு இறங்குவதில்லை. 51 பாகை அகலாங்கில் இருக்கும் லண்டன்காரருக்கு இந்த வசதி இல்லை. சில ஆண்டுகளில் அடிவானப் புகைமூட்டத்தின் ஊடேதான் அவர் சிறுகோள்களைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆனால் வானிலை நமக்கு அவ்வளவு இணக்கமாக இல்லை. ஆசியாவின் அண்மைநிலை அமைந்திருக்கும் திசையைப் பார்த்தால், அது மிகப் பொலிவாகத் தெரியும் எதிர்நிலைகள் ஆகஸ்டை ஒட்டி, மகர ராசிப் பக்கம் நிகழ்கின்றன. அது ஆடி மாதம். தென்மேற்குப் பருவமழையின் முகில்கள் இன்னும் விலகாத காலம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் முழு வேகத்தில் சுழலும் அந்த நாள்களில் தொலைநோக்கிக் குழலை அசையாமல் நிறுத்துவதே பெரும் வேலை. மாறாக, வானம் துலக்கமாக இருக்கும் தை, மாசி மாதங்களில் நிகழும் எதிர்நிலைகள் சேய்மைநிலையை ஒட்டியவை. ஆசியா கடக ராசிப் பக்கம், கிட்டத்தட்ட நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும், ஆனால் மங்கலாக. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னால் நான் தை மாதத்தையே தேர்வேன். ஆடியில் முகிலுக்குப் பின்னால் இருக்கும் பொலிவெண் 10-ஐவிட, தெளிந்த வானில் பொலிவெண் 12 மேல். நான்கு சுற்றுகளும் பதினொரு எதிர்நிலைகளும் ஏறத்தாழ 15 ஆண்டுகளில் ஒன்றிவருவதால், ஒரு எதிர்நிலை எப்படி அமைந்ததோ கிட்டத்தட்ட அப்படியே 15 ஆண்டு கழித்து மறுபடி அமையும்.

கண்டுகொள்வது எப்படி என்றால், நாள்வாரியான நிலைகளை மைனர் பிளானட் சென்டரின் தளத்திலோ ஜேபிஎல் ஹொரைசன்ஸ் என்னும் சேவையிலோ இலவசமாகப் பெறலாம். எதிர்நிலையின்போது ஆசியா விண்மீன்களின் பின்னணியில் நாளொன்றுக்குக் கால் பாகை, அதாவது முழுநிலவின் அகலத்தில் பாதி அளவு, கிழக்கிலிருந்து மேற்காக நகரும். முதல் இரவில் அந்தப் பகுதியை வரைந்துகொண்டோ படம் எடுத்துக்கொண்டோ, மறு இரவில் ஒப்பிட்டுப் பாருங்கள். இடம் மாறிய புள்ளி அதுதான். படம் எடுப்பவர் மறு இரவு வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்திலேயே பெயர்ச்சி தெளிவாகத் தெரியும்.

அடுத்தது விட்டம். நீங்கள் வியப்போடு கேட்ட எண் இதுதான். ஆசியா மிக அருகில் வரும்போதும் அதன் கோண அகலம் ஒரு வில்நொடியில் (பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) பன்னிரண்டில் ஒரு பங்கே. நம் வளிமண்டலத்தின் அசைவே எந்தப் புள்ளியையும் ஒரு வில்நொடி அளவுக்குக் கலக்கிவிடும். ஆகவே சாதாரணத் தொலைநோக்கியில் அது என்றும் புள்ளியாகவே தெரியும். அகலத்தை நேரே அளக்க வழியில்லை. கிடைப்பது ஒளியின் அளவு மட்டும். தொலைவு தெரிந்திருப்பதால், சூரியனிடமிருந்தும் நம்மிடமிருந்தும் ஒரு வானியல் அலகில் அதை நிறுத்தி முழுமையாக ஒளிரவைத்தால் எவ்வளவு பொலிவு இருக்கும் என்று கணக்கிடலாம். அந்தத் தனிப்பொலிவெண் ஆசியாவுக்குச் சுமார் 8.3. இதோடு சிக்கல் தீர்ந்துவிடவில்லை. அந்த அளவு ஒளியை வெளிர்நிறமான சிறிய உடலும் அனுப்பலாம், கரிநிறமான பெரிய உடலும் அனுப்பலாம். விழும் ஒளியில் நான்கில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும் பரப்பு என்றால் விட்டம் 58 கி.மீ. வரும்; இருபதில் ஒரு பங்கை மட்டும் திருப்பி அனுப்பும் கரும்பரப்பு என்றால் 130 கி.மீ. வரும். கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இரண்டில் எது உண்மை என்று சொல்ல முடியாது.

சிக்கலை அவிழ்த்தது வெப்பம். பரப்பு எந்த ஒளியைத் திருப்பி அனுப்பவில்லையோ அந்த ஒளி உட்கவரப்பட்டு, பரப்பைச் சூடாக்கி, அகச்சிவப்புக் கதிராக வெளியேறியாக வேண்டும். கரிய பெரிய உடல் நிறைய அகச்சிவப்பை வெளியிடும். வெளிரிய சிறிய உடல் குறைவாக வெளியிடும். எதிரொளிக்கும் ஒளி, வெளிவிடும் வெப்பம் ஆகிய இரண்டையும் அளந்தால் இரண்டு சமன்பாடுகள் கிடைக்கின்றன. விட்டம், எதிரொளித்திறன் என்ற இரண்டு மாறிகளும் தீர்ந்துவிடுகின்றன. ஆசியா இருக்கும் தொலைவில் சூரிய ஒளி நமக்குக் கிடைப்பதில் ஆறில் ஒரு பங்கு. அங்குள்ள சராசரி வெப்பநிலை மைனஸ் 100 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். அந்த வெப்பநிலையில் உள்ள உடல் மிகுதியாகக் கதிர்வீசுவது சுமார் 17 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில். தரையிலிருந்து இதை அளப்பது கடினம். நம் காற்றும் தொலைநோக்கியும் அதே அலைநீளப் பகுதியில் தாமே ஒளிர்ந்துகொண்டிருக்கும். எனவேதான் 1983-இல் ஏவப்பட்ட ஐராஸ் என்னும் விண்வெளித் தொலைநோக்கி பெரிய திருப்பமாயிற்று. திரவ ஹீலியத்தால் குளிரூட்டப்பட்ட அந்தக் கருவி 12, 25, 60, 100 மைக்ரோமீட்டர் ஆகிய நான்கு அலைநீளங்களில் வானத்தைத் துழாவியபோது ஆயிரக்கணக்கான சிறுகோள்களின் வெப்பமும் பதிவாயிற்று. ஆசியாவுக்கு அதிலிருந்து கிடைத்த விட்டம் 58 கி.மீ., எதிரொளித்திறன் 0.255. நீங்கள் அட்டவணையில் காணும் எண் இந்த வழியாக வந்தது. உருண்டை என்று கொண்டால் அதன் மேற்பரப்பு 10,500 சதுர கி.மீ.க்குச் சற்று மேல். 1,672 சதுர கி.மீ. கொண்ட நம் மாவட்டத்தைப் போல் ஆறு மடங்கு.

எதிரொளித்திறன் கிடைத்துவிட்டால், அது எதனால் ஆனது என்பதற்கான முதல் குறிப்பும் கிடைத்துவிடுகிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நடந்திருப்பவர்களுக்கு, கறுப்பு மணல் படிந்த இடத்தில் இல்மனைட்டும் செந்நிறம் படிந்த இடத்தில் கார்னெட்டும் மிகுந்திருக்கும் என்பது தெரியும். நிறத்தைப் பார்த்தே கனிமத்தைச் சொல்லும் அந்தப் பழக்கத்தை வானியலாளர்கள் நிறமாலைமானியைக் கொண்டு கோடிக்கணக்கான கி.மீ.க்கு நீட்டித்திருக்கிறார்கள். ஆசியா எஸ் வகையைச் சேர்ந்தது. சற்றே செம்மை ஏறிய ஒளியும், ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டியும் இரண்டு மைக்ரோமீட்டரை ஒட்டியும் காணப்படும் உட்கவர் பள்ளங்களும் இவ்வகையின் அடையாளம். ஒலிவின், பைராக்சீன் என்னும் சிலிக்கேட் கனிமங்கள் அந்தப் பள்ளங்களை உண்டாக்குகின்றன. அவற்றோடு இரும்பும் நிக்கலும் உலோகமாகக் கலந்திருக்கும். பட்டையின் உட்பகுதியில் இவ்வகையே மிகுதி. வெளிப்புறம் செல்லச் செல்லக் கரிமம் மிகுந்த கரிய உடல்கள் பெருகும்.

எஸ் வகைச் சிறுகோள்களே பூமியில் மிகுதியாக விழும் சாதாரண கோண்ட்ரைட் விண்கற்களின் தாயகமா என்பது நெடுங்காலம் வாதத்தில் இருந்தது. விண்கற்களின் நிறமாலை அவ்வளவு செம்மையாக இல்லை என்பது ஒரு தரப்பின் தடை. 2010 ஜூனில் ஜப்பானின் ஹயபுசா விண்கலம் இடோகாவா என்னும் எஸ் வகைச் சிறுகோளின் தூசியைப் பூமிக்குக் கொண்டுவந்ததும் வாதம் முடிந்தது. தூசித் துகள்களின் உள்ளீடு கோண்ட்ரைட்டோடு பொருந்திற்று. புறத்தோலிலோ சூரியக் காற்றும் நுண்கல் மோதல்களும் உண்டாக்கிய மிக நுண்ணிய இரும்புத் துணுக்குகள் இருந்தன. செம்மைக்குக் காரணம் அந்த மேல்தோல்தான். ஆசியாவின் செம்மையையும் அப்படியே புரிந்துகொள்ளலாம்.

நிறையைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன், ஏனெனில் இது ஊகத்தின் மேல் நிற்கும் எண். ஈரோஸ் என்னும் எஸ் வகைச் சிறுகோளை விண்கலம் சுற்றிவந்து அளந்தபோது கிடைத்த அடர்த்தி கன செ.மீ.க்கு 2.7 கிராம். ஆசியாவுக்கும் அதையே கொண்டால், மேற்பரப்பு ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் 450-இல் ஒரு பங்கு வரும். விடுபடு வேகம் மணிக்குச் சுமார் 130 கி.மீ. இந்த எண்களை எங்கேனும் எழுத நேர்ந்தால், அடர்த்தி பற்றிய கருதுகோளையும் கூடவே எழுதுங்கள்.

தற்சுழற்சிக் காலம் 15.89 மணி. இதை அறியும் முறை எளிமையானது, நீங்களே செய்யக்கூடியதும்கூட. ஆசியா முழு உருண்டை அல்ல. அது சுழலும்போது அகலமான பக்கம் நம்மை நோக்கினால் ஒளி கூடும், குறுகிய பக்கம் நோக்கினால் குறையும். ஒரு முழுச் சுழற்சிக்குள் இப்படி இரண்டு மேடும் இரண்டு பள்ளமும் வரும். இதன் அளவு பொலிவெண்ணில் சுமார் 0.2, அதாவது ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல் பரப்பைக் காட்டுகிறது. கண்ணால் இதை உணர முடியாது. 8 அங்குலத் தொலைநோக்கியில் ஒரு நல்ல கேமராவைப் பொருத்தி, அதே படத்தில் விழும் அசையாத விண்மீன்களோடு ஒப்பிட்டு அளந்தால் தெளிவாகவே தெரியும்.

இந்த 15.89 என்னும் எண் ஓரிடத்திலிருந்து அளப்பவருக்கு மிக வசதியானது. 24 மணி நேரத்தில் ஆசியா 1.51 முறை சுழல்கிறது. ஓர் இரவில் இடைவிடாமல் 8 மணி நேரம் அளந்தால் சுழற்சியின் பாதி கிடைக்கும். மறுநாள் அதே நேரத்தில் தொடங்கினால், சரியாக மறுபாதியின் தொடக்கத்தில் வந்து நிற்போம். தொடர்ந்து இரண்டு தெளிந்த இரவுகள் வாய்த்தால் முழுச் சுழற்சியும் கைக்கு வந்துவிடும். கோடைக்காலத்தில் இரவு மிகக் குறுகிவிடும் வடநாடுகளில் இது இயலாது. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேர இரவு கொண்ட நமக்கு இயலும். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு: இரண்டு பாதிகளும் ஒன்றுபோல் தோன்றினால் சுழற்சிக் காலத்தை 7.95 மணி என்று பாதியாகக் கணித்துவிடக் கூடும். இரண்டு மேடுகளின் உயரமும் பள்ளங்களின் ஆழமும் சரிசமமாக இருப்பதில்லை என்பதால், அந்தச் சிறு வேறுபாட்டைக் காணும் அளவுக்குத் துல்லியம் வேண்டும். மூன்றாம் இரவும் நான்காம் இரவும் அளந்து முதல் இரு இரவுகளின் மேல் பொருத்திப் பார்த்தால் ஐயம் நீங்கும்.

இடத்தைப் பற்றிக் கேட்பீர்கள். நாகர்கோவிலும் கன்னியாகுமரி நகரும் விளக்கொளி மிகுந்தவை. முட்டம் போன்ற கடலோர ஊர்களில் வானம் திறந்திருந்தாலும் உப்புக்காற்று கண்ணாடியில் படியும். பணி முடிந்ததும் மூடி உடனே துடைத்து வைக்க வேண்டும். பேச்சிப்பாறைப் பக்கம் இருட்டு மிகுதி, ஈரமும் மிகுதி. தை, மாசி மாதங்களில் மாவட்டத்தின் கிழக்குப் பகுதி, ஆரல்வாய்மொழிக்கும் தோவாளைக்கும் இடைப்பட்ட நிலம், ஒப்பீட்டளவில் வறண்டு துலக்கமாக இருக்கும். இந்த வேலைக்கு அதையே பரிந்துரைப்பேன்.

நம் மாவட்டத்திலிருந்து செய்யத்தக்க இன்னொரு அளவீடு உண்டு. விட்டத்தை வெப்பக் கணக்கின் துணையில்லாமல் நேரே தருவது இது. ஆசியா சில வேளைகளில் ஏதேனும் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்து செல்லும். விண்மீன் முடிவிலாத் தொலைவில் இருப்பதால், அதன் ஒளியில் ஆசியா எறியும் நிழல் ஆசியாவின் அகலமே, ஏறத்தாழ 58 கி.மீ., இருக்கும், அந்த நிழல் பூமியின் மேல் ஒரு பட்டையாக ஓடும். எதிர்நிலையை ஒட்டி நிகழ்ந்தால் நிழல் நொடிக்குச் சுமார் 10 கி.மீ. வேகத்தில் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்காகச் செல்லும். நடுக்கோட்டில் நிற்பவருக்கு விண்மீன் ஐந்தாறு நொடி மறைந்து மீளும். கையா விண்கலம் விண்மீன்களின் இடங்களை மிக நுட்பமாக அளந்துவிட்டதால், நிழல் எந்த ஊர்களின் மேல் செல்லும் என்பதை முன்கூட்டியே நம்பகமாகச் சொல்ல முடிகிறது.

நிழல் கிழக்கு மேற்காக ஓடுவதால், அளப்பவர்கள் தெற்கு வடக்காகப் பரவி நிற்க வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து வடக்கு நோக்கி அளந்தால் நாகர்கோவில் சுமார் 11 கி.மீ., தக்கலை 19, மார்த்தாண்டம் 25, பேச்சிப்பாறை 41 கி.மீ. தள்ளியிருக்கின்றன, மாவட்டத்தின் தெற்கு வடக்கு நீளம் முழுதும் எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ ஆசியாவின் விட்டமே வரும். இந்த ஐந்து ஊர்களிலும் ஆளுக்கொரு தொலைநோக்கியும், ஜிபிஎஸ் நேரம் பதியும் காணொளிக் கருவியும் கொண்டு நின்றால், ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நீளமுள்ள மறைவு பதிவாகும். மறைந்த நொடிகளை நிழலின் வேகத்தால் பெருக்கினால் ஒவ்வோர் ஊரும் ஆசியாவின் உருவத்தில் ஒரு நாணைத் தரும். ஐந்து நாண்களையும் ஊர்களின் இடைவெளிக்கேற்ப ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்தால் அதன் வெளிக்கோடு தாளில் எழும். எவருக்கேனும் மறைவே நிகழாவிட்டால் அதுவும் பதிவுதான். உருவத்தின் எல்லை அந்த ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையில் முடிகிறது என்று அது சொல்கிறது. உங்கள் கல்லூரி இயற்பியல் துறையும் அருகிலுள்ள இரண்டு மூன்று கல்லூரிகளும் சேர்ந்தால் இதற்கு வேண்டிய ஆள்கள் கிடைத்துவிடுவார்கள். முதலில் பொலிவான விண்மீன் மறையும் வேறு எந்தச் சிறுகோளின் நிகழ்வையாவது தேர்ந்து, நேரப் பதிவில் பத்தில் ஒரு நொடிக்கும் குறைந்த பிழையே வரும்வரை பழகிக்கொள்ளுங்கள்.